அரிகா கொட்டை: நோயாளிக்கு எழுதிய தமிழின் கதை

காப்பியமும் கல்வெட்டும் புதினமும் பேசிவரும் இவ்விடத்தில் இம்முறை தாடையைப் பற்றி எழுதப் புகுகிறோம். தமிழாசிரியருக்குத் தாடையில் என்ன வேலை என்று முதலில் தோன்றும். மொழி விளங்காமையால் ஒருவருடைய வாய் சுருங்கிப்போன செய்தி இது. அவ்வகையில் நம் துறைக்கு உட்பட்டதே என்பதைப் படித்து முடிக்கையில் ஒப்புவீர்கள் என நம்புகிறோம்.

சுருக்குப்பையில் இருந்த தாள்

நம் பெரியம்மா ஒருவர் நிலக்கோட்டைப் பூச்சந்தையை ஒட்டிய தெருவில் வசிப்பவர்; பூக்கட்டுவது தொழில். விடியுமுன் மல்லிகை வந்து இறங்கிவிடும். நாரும் பூவும் விரலிடையே ஓடுகையில் வாய் சும்மா இருப்பதில்லை. தென்கிழக்கே சோழவந்தான், மேற்கே வத்தலக்குண்டு என வெற்றிலைக்குப் பஞ்சமில்லாத பக்கம் இது. நாற்பது ஆண்டுப் பழக்கம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாளிதழை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் வாசிப்பவர். இதை நினைவில் வைக்க வேண்டுகிறோம். எழுத்தறியாதவர் கதையன்று இது.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் காரம் பட்டால் வாய் எரியத் தொடங்கியது. பின்னர் வாய் சரிவரத் திறக்கவில்லை. நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். மருத்துவர் விரைவாக ஏதோ சொன்னார். உதவியாளர் ஒரு தாளைக் கொடுத்தார். இணையத்திலிருந்து எடுத்துத் தமிழாக்கிய தாள். அதன் தலைப்பு "வாய்வழி உபசளிச்சவ்வு நார்த்திசு இறுக்கம்". உள்ளே ஆறாவது வரி "அரிகா கொட்டை மெல்லும் பழக்கத்தைத் தவிர்த்தல் பரிந்துரைக்கப்படுகிறது" என்றிருந்தது.

பெரியம்மா தாளை இருமுறை படித்தார். சந்தையில் நாலு பேரிடம் விசாரித்தார். அப்படியொரு கொட்டையை யாரும் கண்டதில்லை. நிம்மதியாகத் தாளை மடித்துச் சுருக்குப்பையில் பாக்கோடு பாக்காக வைத்துக்கொண்டார். இரண்டாண்டு கழிந்து, ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து சிறு உருண்டையாக்கி உதட்டிடுக்கில் தள்ளுவதைக் கண்டோம். கேட்டபோது காவி படிந்த அந்தத் தாள் வெளியே வந்தது.

"அந்தக் கொட்டைய நான் கண்ணால பாத்ததே இல்லப்பா. நம்ம பக்கம் வெளையிற கொட்டையா அது?"

அரிகா என்பது பாக்கு. ஆங்கிலத்தில் பாக்குக்குள்ள பெயரை எழுத்துப்பெயர்த்து வைத்திருந்தார்கள். அச்சொல்லின் மூலத்தைத் தேடினால் போர்த்துக்கீசியர் வழியாக மலையாள "அடைக்கா"வில் போய் நிற்கும். நம் அடைக்காய்தான் அது. நம் சொல்லே கடல்கடந்து உருமாறித் திரும்பி வந்து, நம் பெரியம்மாவை அறியாதவராக்கிவிட்டது.

தாடைக்கு நம்மிடம் உள்ள சொற்கள்

இந்நோய்க்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லாமைக்குக் காரணம் உண்டு. மருத்துவ உலகமே இதைத் தனி நோயாக அறிந்தது அண்மையில்தான். 1952இல் சுவார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு மும்பையில் ஜோஷி எழுதினார். பாக்கு, புகையிலை கலவாத வெறும் பாக்கே ஆயினும், புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூல் வகைப்படுத்தியது. கன்னத்தின் உட்தோல் நார்நாராகக் கெட்டித்து, வாயை உள்ளிருந்து இழுத்துக் கட்டுகிறது. சிலருக்குப் பின்னாளில் புற்றாகவும் மாறுகிறது.

வாய் திறவாமை என்னும் ஒரே குறி வேறு நோய்களுக்கும் உண்டு. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒரு மூட்டு அசைவது தெரியும். கதவின் கீல்போல் திரும்புவதோடு முன்னோக்கி வழுக்கவும் செய்யும் மூட்டு அது. நடுவே ஒரு மெல்லிய வட்டு. வட்டு இடம் பிசகினால் "சடக்" என்று ஒலிக்கும். சில வேளை பூட்டிக்கொள்ளும். 1934இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் காஸ்டன் இதன் குறிகளைத் தொகுத்தெழுதினார். சில காலம் அவர் பெயராலேயே வழங்கிய நோய் பிற்பாடு மூட்டின் பெயரால் வழங்கலாயிற்று. மெல்லுணவு, வெந்நீர் ஒற்றடம், வாயை அகலத் திறந்து கொட்டாவி விடாமை ஆகியவற்றாலேயே பெரும்பாலோர்க்கு இது தணிந்துவிடும். கடைவாய்ப் பல் சீழ்பிடித்தாலும் வாய் திறவாது. இரண ஜன்னியில் தாடை இறுகுவதோ உயிர்போகும் அவசரம். ஒன்றில் காத்திருக்கலாம்; மற்றொன்றில் ஒரு மணி நேரமும் காத்திருக்கலாகாது. பிரித்தறியச் சொல் வேண்டும்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தாடை என்கிறோம், ஊர்ப்பேச்சில் தவடை. சங்க நூல்களில் கவுள். அலகு என்ற சொல்லும் தாடையைக் குறிக்கும். தாடை இறுகுவதை அலகு கிட்டுதல் என்பர். பல் கிட்டிக்கொண்டது, வாய்ப்பூட்டு விழுந்தது என்பன இன்றும் கேட்கும் வழக்குகள். இரண ஜன்னியை யாழ்ப்பாணத்தார் ஏற்புவலி என்பர். நாம் பொன்னுக்கு வீங்கி என்பதை அவர்கள் கூகைக்கட்டு என்பர். மோவாயை நாடி என்கிற ஊரில் மணிக்கட்டில் பார்ப்பதும் நாடிதான்.

வடமொழியில் தாடைக்கு "ஹனு" என்று பெயர். தாடை இறுகும் நோயை ஆயுர்வேதம் ஹனுஸ்தம்பம் என்கிறது. நிலக்கோட்டைக்குத் தெற்கே வைகைக் கரையில் அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. இந்திரனின் வச்சிரம் தாக்கித் தாடை உடைந்தமையால் அனுமன் எனப் பெயர்பெற்ற கதையை இராமாயணம் சொல்லும். சனிக்கிழமைதோறும் தாடையின் பெயர் கொண்ட தெய்வத்தை வணங்கிவரும் நம் மக்களிடம் "ஹனு" என்றால் தாடை என்று சொன்னால் வியப்பார்கள். சொல் நாவிலேயே இருந்தும் பொருள் எட்டாமல் இருக்கக் கூடும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்குக் கிட்டவில்லை.

மறைத்து எழுதிய காலம்

மருத்துவத்தைத் தமிழில் எழுதும் மரபு நமக்குப் புதிதன்று. சித்தர் பெயரால் வழங்கும் நூல்கள் செய்யுளில் அமைந்தவை. செய்யுளுக்கு நியாயம் இருந்தது. ஏடு அரிய பொருளாக இருந்த காலத்தில் மனப்பாடம் செய்ய அதுவே வசதி. ஆனால் அந்நூல்களில் பரிபாஷை என்னும் மறைமொழியும் உண்டு. ஒரு மூலிகைக்கோ சரக்குக்கோ வேறு பெயர் இட்டிருப்பார்கள், குருவின்றி விளங்காது. தகுதியற்றார் கையில் மருந்து நஞ்சாகிவிடும் என்ற அச்சம் அதன் பின்னணி. வைத்தியனுக்கு வைத்தியன் எழுதிய எழுத்து அது. நோயாளி படிப்பான் என்று யாரும் எண்ணவில்லை.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) தன்வந்திரி மகால் அமைத்து, மருந்துகளைக் கொடுத்துப் பார்த்துப் பயன்கண்டவற்றைத் தொகுக்கச் செய்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அவற்றைச் சரசுவதி மகால் பின்னாளில் அச்சிட்டது. பரிசோதித்து எழுதுதல் என்ற அளவில் அது பெரிய அடி. அவையும் செய்யுளே.

மானிப்பாய் மருத்துவர்

உரைநடையில் நவீன மருத்துவத்தைத் தமிழாக்கும் பெருமுயற்சி பாக்குநீரிணைக்கு அப்பால் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவரை அமர்த்தியது. அவ்வழியில் 1847இல் வந்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். மானிப்பாயில் தங்கி 1848இல் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார், முதலில் ஆங்கிலத்தில்.

சில ஆண்டுகளில் அவர் ஒன்றைக் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர் அரசு வேலை தேடி வெளியூர் போய்விடுகின்றனர். கிராமத்துக்கு வைத்தியர் கிட்டுவதில்லை. தமிழில் கற்றவன் தமிழ் ஊரில் தங்குவான் என்று அவர் கருதினார். தமக்கு அந்நியமான மொழியை முனைந்து கற்றார். 1860களின் நடுவே மானிப்பாயில் மருத்துவ வகுப்புத் தமிழுக்கு மாறியது. அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டும். கட்டர் என்பாரின் உடலியல் நூல் 1850களில் "அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்" ஆயிற்று. மகப்பேறு பற்றிய நூல் 1857இல் "பிரசவ வைத்தியம்" ஆயிற்று. அறுவை மருத்துவம் 1867இல் "இரண வைத்தியம்" ஆயிற்று. 1872இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் "மனுஷ அங்காதிபாதம்" என்றும், ஹூப்பரின் நூல் "வைத்தியாகரம்" என்றும் வெளிவந்தன. வேதியியல் 1875இல் "கெமிஸ்தம்". டால்டனின் உடற்றொழிலியல் 1883இல் "மனுஷ சுகரணம்". டன்போர்த், சப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்த்தனர், கிறீன் திருத்தினார். எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் பக்கத்துக்கு மேல் வரும்.

1873இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பிய பின்னரும் அவர் நிறுத்தவில்லை. கைப்படிகள் கப்பலேறி வூஸ்டருக்குப் போயின. திருத்தம் பெற்றுத் திரும்பின. தமிழ் பேச ஆளில்லாத ஊரில் அமர்ந்து, கல்லீரலுக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதரை எண்ணிப் பார்க்கிறோம். 1884இல் மறைந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற குறிப்பு அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் உள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் "கிறீனின் அடிச்சுவடு" என்ற நூலை எழுதி அவரைத் தமிழுலகுக்கு நினைவூட்டினார்.

இயற்சொல்லும் திரிசொல்லும்

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுக. கிட்டாவிடில் வடமொழியை நாடுக. அதுவும் ஆகாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுக. நமக்கு இது உடனே தொல்காப்பியத்தை நினைவூட்டும். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொல்லை நான்காக வகுத்தது அந்நூல். கிறீன் அதைப் படித்தாரோ இல்லையோ, அவ்வழியே நடந்திருக்கிறார்.

ஆனால் நான்கில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வடசொல், திசைச்சொல் என்பன சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியவை. இயற்சொல், திரிசொல் என்பன சொல் யாருக்கு விளங்கும் என்பதைப் பற்றியவை. கற்றாரும் கல்லாரும் ஒருங்கே பொருளுணர்வது இயற்சொல். கற்றார்க்கு மட்டுமே விளங்குவது திரிசொல். மருத்துவத் தமிழ் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் நடத்திவரும் விவாதம் பெரும்பாலும் முதல் வகையிலேயே நின்றுவிட்டது. தனித்தமிழா, மணிப்பிரவாளமா என்று சண்டையிட்டோம். பெரியம்மாவுக்கு விளங்குமா என்று கேட்கவில்லை.

கிறீனின் நூல்களே சான்று. அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் ஆகிய மூன்று சொற்களையும் நம் முதுகலை மாணவர்களிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. "அங்காதிபாதம் பிள்ளைத்தமிழ் மாதிரி சிற்றிலக்கிய வகையா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டார். அதே கிறீன் "பிரசவ வைத்தியம்", "இரண வைத்தியம்" என்று பெயரிட்ட இடங்களில் நூற்றைம்பதாண்டு கடந்தும் பொருள் தெளிவாகவே இருக்கிறது. பிரசவமும் இரணமும் வடசொற்களே. ஆயினும் எல்லார் வாயிலும் புழங்கி இயற்சொல்லின் தொழிலைச் செய்கின்றன. பிறப்பிடத்தைக் காட்டிலும் புழக்கமே பொருளைத் தருகிறது என்பதை அவர் நூற்பெயர்களே காட்டுகின்றன.

அவர் நூல்கள் மாணவருக்கானவை. அங்கே துறைச்சொல் வேண்டும், ஆசிரியர் விளக்குவார். அதில் குறையில்லை. மேலும், அவர் தமிழில் பயிற்றியதன் பயன் நூலுக்கு வெளியே இருந்தது. தமிழில் கற்ற வைத்தியன் நோயாளியிடம் தமிழில் பேசுவான். நோயின் பெயர் எதுவாயினும் பாக்கைப் பாக்கு என்பான். அவ்வகுப்பு கிறீனுக்குப் பின் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கில வழியிலானது. தமிழகத்திலும் அவ்வாறே. மருத்துவர் ஒரு மொழியில் கற்று, நோயாளி இன்னொரு மொழியில் நோகும் நிலை அன்று நிலைபெற்றது.

கலைச்சொல்லின் நூற்றாண்டு

இருபதாம் நூற்றாண்டில் முயற்சிக்குக் குறைவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கென ஒரு கழகம் கண்டு இதழும் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வந்தன. நம் திண்டுக்கல் பகுதியில் பிறந்து மணப்பாறையைப் பெயரில் சுமந்த மணவை முஸ்தபா (1935-2017), யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டு நடத்தியதோடு மருத்துவத்துக்கெனக் கலைச்சொல் அகராதியும் தொகுத்தார். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியபின் கலைச்சொற் பட்டியல்கள் இணையத்திலும் ஏறின.

இவர்கள் உழைப்பை வணங்குகிறோம். தமிழால் இயலும் என்று ஐயுற்றார்க்கு மெய்ப்பித்தவர்கள். ஆனால் இவர்கள் எழுதியது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும். பட்டியலில் உள்ள சொல்லை அப்படியே எடுத்து நோயாளியின் தாளில் ஒட்டுவது பிற்காலத்தார் செய்த பிழை. பெரியம்மாவின் தாளை எழுதியவர் அதையும் முழுதாகச் செய்யவில்லை. தலைப்புக்கு அகராதியைப் பார்த்தார். பாக்குக்கு அதைக்கூடப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தின் அளவுகோல்

மேலைநாட்டார் இச்சிக்கலை அளந்து பார்த்திருக்கின்றனர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ருடால்ப் பிளெஷ் 1948இல் ஒரு வாய்பாடு தந்தார். வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணி, நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுவது. எண் உயர உயர எளிமை. 1969இல் மெக்லாக்லின் மூன்றோ அதற்கு மேலோ அசை கொண்ட சொற்களை எண்ணும் வேறொரு முறை தந்தார். 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காகப் பிளெஷின் வாய்பாட்டை வகுப்பு அளவில் மாற்றியமைத்தனர். நோயாளிக்குத் தரும் எழுத்து ஆறாம் வகுப்பு மாணவன் படிக்கும் தரத்தில் இருக்க வேண்டும் என அமெரிக்க மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. தாடை நோய் முதலாகப் பல நோய்கள் பற்றிய ஆங்கில இணையப் பக்கங்களை இவ்வகையில் அளந்தவர்கள், அவை பெரும்பாலும் அத்தரத்தைத் தாண்டிக் கடினமாக இருப்பதையே கண்டுள்ளனர்.

இந்த அளவுகோலைத் தமிழில் வைத்துப் பார்த்தோம். "பாக்குப் போடுவதை நிறுத்துங்கள்" என்று எழுதி எண்ணினோம். மூன்று சொல், ஆங்கில முறைப்படி பத்து அசை. பிளெஷின் வாய்பாடு இதற்குத் தரும் மதிப்பெண் சுழியத்துக்கும் கீழே 78. நூற்றுக்குச் சுழியம் வாங்குவதே ஆங்கிலத்தில் பேரறிஞரும் திணறும் எழுத்தென்று பொருள். அடுத்து "ஹனு ஸ்தம்பம்" என்று எழுதினோம். இரண்டு சொல், நான்கு அசை. மதிப்பெண் ஏறத்தாழ 36. பெரியம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கும் வாக்கியம் தோற்றது. தமிழ்ப் பேராசிரியருக்கே விளங்காத சொல் வென்றது.

வாய்பாட்டின் குற்றமன்று, அது ஆங்கிலத்துக்கென வடித்தது. ஆங்கிலத்தில் நீண்ட சொல் பெரும்பாலும் இலத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்த படிப்பாளிச் சொல். தமிழிலோ வேற்றுமையும் இடைநிலையும் விகுதியும் சொல்லோடு ஒட்டி நீள்கின்றன. "சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். "வளி" என்பது பட்டதாரிக்கும் விளங்காதிருக்கலாம். தமிழின் கடினம் நீளத்தில் இல்லை. இயற்சொல்லா, திரிசொல்லா என்பதில் இருக்கிறது. செய்தவர் யாரென்று தெரியாத "பரிந்துரைக்கப்படுகிறது" போன்ற வினைமுற்றுகளில் இருக்கிறது. பெயர்மேல் பெயர் அடுக்கி வினையே இல்லாமல் செய்யும் தலைப்புகளில் இருக்கிறது.

நம்மிடமும் ஓர் அளவுகோல் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் பாயிரம், நூலுக்குரிய அழகு பத்தையும் குற்றம் பத்தையும் வகுத்துச் சொல்கிறது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்பன அழகில் முன்னிற்பவை. மயங்க வைத்தல் குற்றங்களுள் ஒன்று. இவற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். மாணவர் ஒப்பித்து மதிப்பெண் பெறுகின்றனர். ஒரு மருத்துவத் தாளைக் கையில் கொடுத்து இதில் எத்தனை குற்றம் என்று நாம் ஒருமுறையும் கேட்டதில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பந்தியில் கண்ட காட்சிக்குப் பிறகே கேட்டோம்.

திருத்திய தாள்

மாணவர்கள் இரு வாரம் உழைத்தனர். சந்தையில் உட்கார்ந்து பூக்கட்டும் பெண்களிடம் வரிவரியாகப் படித்துக் காட்டினர். முகம் சுளித்த இடத்தில் சொல்லை மாற்றினர். பல் மருத்துவர் ஒருவர் பிழையிருந்தால் திருத்தித் தந்தார். முடிவில் நின்றது இது:

"உங்கள் வாய் சரியாகத் திறக்கவில்லை. கன்னத்தின் உள்தோல் கெட்டியாகிச் சுருங்கி வருகிறது. இதற்குக் காரணம் பாக்கு. வெற்றிலையோடு போடும் பாக்கு, சீவல், பொட்டலத்தில் விற்கும் பாக்கு எல்லாம் ஒன்றுதான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு கெடுதல் செய்யும். இன்றே பாக்கை விடுங்கள். மேலும் சுருங்காமல் தடுக்க அதுதான் முதல் வழி. விடாவிட்டால் சிலருக்குப் புற்றுநோய் வரும்.

"உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். வாய்க்குள் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும் போங்கள்.

"அடிபட்ட சில நாளில் தாடை இறுகி, கழுத்தும் விறைத்தால் அது வேறு நோய். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

ஆஸ்பத்திரி என்ற சொல்லில் மாணவர்களிடையே பூசல் எழுந்தது. மருத்துவமனை என்றே எழுத வேண்டும் என்றார் ஒருவர். நாமும் அக்கட்சியினரே. ஆனால் பூக்கட்டும் பெண்கள் பத்துப் பேரில் பத்துப் பேரும் ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். உயிர்போகும் வரியில் நம் கட்சியை நாம் விட்டுக்கொடுத்தோம். மேலே "மருத்துவர்" என்பது எல்லோருக்கும் விளங்கியது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. கிறீன் "கெமிஸ்தம்" என்று எழுதியபோது அவர் மனத்திலும் இத்தகைய ஒரு வழக்கு நடந்திருக்கும்.

திருத்திய தாளில் நோயின் பெயரே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மருத்துவச் சீட்டிலும் காப்பீட்டுத் தாளிலும் பெயர் வேண்டும். மறுமுறை வேறு மருத்துவரிடம் காட்டவும் வேண்டும். தாளின் அடியில் சிறிய எழுத்தில் ஆங்கிலப் பெயரைத் தமிழ் ஒலியில் குறித்துள்ளோம். தமிழில் நல்ல பெயர் இன்னும் அமையவில்லை. "பாக்கு வாய்ப்பூட்டு" என்று ஒரு பூக்கார அம்மாள் சொன்னார். காரணமும் விளைவும் சேர்ந்த பெயர், இருபெயரும் இயற்சொல். அகராதிக்காரர்கள் பரிசீலிக்கலாம்.

பெரியம்மா பாக்கை விட்டுவிட்டார். முதல் மாதம் பூக்கட்டும் கை தடுமாறியது என்றார். வாய் இன்னும் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. இரண்டாண்டில் இழந்தது திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டி வருகிறார். புதிய தாளை அவரிடம் கொடுத்தபோது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் வாசித்தார். பிறகு மூன்று விரலைச் சேர்த்து வாயில் வைத்துப் பார்த்தார்.

"இத மொதல்லயே இப்பிடி எழுதியிருக்கலாமேப்பா" என்றார்.

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. தாடை, வாய், பல் தொடர்பாகத் தத்தம் ஊரில் வழங்கும் சொற்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். தவடை, அலகு, கூகைக்கட்டு, ஏற்புவலி வரை வந்திருக்கிறது பட்டியல். நண்பர்கள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதினால் சேர்த்துக்கொள்வோம். அடுத்த தாளை எழுதுமுன் அச்சொற்கள் நமக்கு வேண்டும்.